வெனிலா டப்பாவில் பார்லி சூப்

நாளைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கட்டடம் முழுவதும் மின்சாரம் இருக்காது என்று கீழ்த்தளச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்கள் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள், போனுக்கு சார்ஜ் ஏற்றினார்கள், காகிதம் ஒட்டியவனை வாய் வலிக்கத் திட்டினார்கள். மூன்றாவது மாடியில் இருந்த பல்லக்கா மட்டும் ஓடிப்போய் ஃப்ரீசர் முன்னால் நின்றாள்.

பல்லக்கா என்றதும் பல் எடுப்பாக இருப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பல்செட் செய்கிறவள். கடைத்தெரு முனையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து, ஊரார் வாய்க்குள் போகவேண்டிய பற்களை மெழுகில் வரிசையாக நட்டு, அரைத்து, மெருகேற்றிக் கொடுப்பாள். மிச்சமிருக்கும் சொந்தப் பல்லின் நிறத்துக்குப் புதுப் பல்லைச் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. டாக்டரைத் தெருவில் பார்த்தால் கண்டுகொள்ளாமல் போகிறவர்கள்கூட அவளைப் பார்த்தால் வாய் நிறையச் சிரிப்பார்கள். எல்லாம் அவள் செய்துகொடுத்த சிரிப்பு. வேலை முடிந்து வீடு வரும்போது இருட்டியிருக்கும். மெழுகு வாசனையும் நகக்கண்ணில் பிளாஸ்டர் தூளும் கூடவே வரும்.

அவள் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கிற உத்தியோகம். விடியுமுன் போய் ஊருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மத்தியானமே வீடு திரும்பிவிடுவார். ஆகவே அடுப்படி அவருடைய ராஜ்யம். கல்யாணமான புதிதில் அவள் ஒரே ஒரு முறை சமைத்தாள். அதைப் பற்றி இருவரும் அப்புறம் வாய் திறந்ததில்லை. குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறும். ஒரு வாரம் பூசணிக்காய் சூப், ஒரு வாரம் தக்காளி, ஒரு வாரம் பார்லியும் கேரட்டும். ஆறவைத்து டப்பா டப்பாவாக ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்துவிடுவார். வார நாட்களில் அவள் குளிரில் விறைத்துப்போய் வந்து கதவைத் திறந்தால் மேஜைமேல் ஆவி பறக்கக் கிண்ணம் இருக்கும். உட்கார்ந்து குடிப்பாள். அது எப்படி அங்கே வந்தது என்று ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மேஜையில் உட்கார்ந்தால் சூப் வருகிறது, அவ்வளவுதான்.

போன குளிர்காலம் முடிகிற சமயத்தில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு அவள் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு டப்பா மிச்சமிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பார்லி சூப். கல்லாக உறைந்து, மேலே பூப்பூவாய்ப் பனி படிந்து, நடுவில் ஒரு கேரட் துண்டு எட்டிப் பார்த்தது. மூடியை அழுத்தி மூடினாள். அன்றிலிருந்து அதைத் தொட்டதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை திறந்து, இருக்கிறதா என்று பார்ப்பாள். சாப்பிட்டால் தீர்ந்துபோகும், சாப்பிடாவிட்டால் இருக்கும். அவர் கை பட்டது இந்த உலகத்தில் அதற்குமேல் எதுவும் மிச்சமில்லை.

அந்த ஃப்ரீசரோ கிழம். கதவு சரியாக மூடாமல் ஒரு பெல்ட்டைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குச்சிக்குப் போன் போட்டாள்.

குச்சி அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். அப்போது காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று வைத்த பெயர். இப்போது சீட் பெல்ட் போடுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் பெயர் மட்டும் இளைத்தபடியே நின்றுவிட்டது. ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்றில் குளிர்பெட்டி வைத்த வேன் ஓட்டுகிறாள்.

"உன் வண்டில ஒரே ஒரு டப்பா வைக்க எடம் இருக்குமா? நாளைக்கு மட்டும்," என்றாள் பல்லக்கா.

குச்சிக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "இந்தக் குளிர்ல எவன் ஐஸ்கிரீம் வாங்குறான்? வண்டி காலியாத்தான் போகுது. டப்பா மட்டும் என்ன, நீயும் வா. கடைசியா எப்ப லீவு போட்ட?"

"டாக்டர் கத்துவாரு."

"கத்தட்டும். அவர் பல்லு அவர் வாய்ல பத்திரமா இருக்குல்ல? வா."

மறுநாள் காலை பல்லக்கா டப்பாவைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இறக்கிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் புகை வந்தது. குச்சி குளிர்பெட்டிக் கதவைத் திறந்து, துண்டை உருவி எறிந்தாள். "துணியெல்லாம் உள்ள வைக்கக் கூடாது, ஒட்டிக்கும். அதோ அந்த மூலையில வை." வைத்துவிட்டுப் பார்த்தால், பெட்டிக்குள் இருந்த வெனிலா டப்பாக்களுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இருக்கவும் முடியாது. வீட்டிலிருந்த டப்பாக்கள் எல்லாம் குச்சி வருஷக்கணக்காகக் கொண்டுவந்து கொடுத்த வெனிலா டப்பாக்கள்தானே. ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டுக் கழுவி வைத்த டப்பாவில்தான் அவர் சூப் ஊற்றுவார்.

"ஓரமா இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது. சும்மா சும்மா கதவத் திறந்து பாக்காத, குளிர் போயிடும்," என்று சொல்லிக் குச்சி வண்டியைக் கிளப்பினாள்.

அந்த வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஐஸ்கிரீம் வண்டிப் பாட்டு தானாகவே அலறும். கொட்டுகிற பனியில், கம்பளி போர்த்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று, இதுகளுக்குப் பைத்தியமா என்று பார்த்தார்கள். பல்லக்காவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளே கொஞ்சம் திடுக்கிட்டுப் போனாள்.

"குளிர்காலத்துல ஐஸ்கிரீம் வாங்குறவங்க நாலே நாலு ஜாதி. ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. பாரேன்," என்றாள் குச்சி.

முதல் ஜாதி ஏரிக்கரையில் இருந்தது. குளிர்நீர் நீச்சல் சங்கம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர். ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது இவர்கள் மத்தியானத்துக்குமேல் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கிற நேரமாகப் பார்த்து ஏரியில் குதிப்பார்கள். ஏறி வந்து நடுங்கிக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். நடுக்கத்தில் கரண்டி யார் கையிலிருந்து முதலில் விழுகிறதோ அவர் அடுத்த வார டீச்செலவை ஏற்கவேண்டும். இரண்டாவது, ஒரு பழைய சினிமா தியேட்டர். மூன்றாவது, டான்சில் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் படுத்திருக்கும் வார்டு. நாலாவது, ஊர் எல்லையில் பஸ் டெப்போ கேன்டீன். அங்கே டிரைவர்கள் எதற்கெடுத்தாலும் ஐஸ்கிரீம் பந்தயம் கட்டுவார்கள்.

குச்சிக்கு முழங்கால் சரியில்லை. ஏறி இறங்க முடியாது. அதனால் ஒவ்வோர் இடத்திலும் அவள் கீழே நின்று பில் போட, பல்லக்கா தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு குளிர்பெட்டிக்குள் ஏறி டப்பாக்களை எடுத்து நீட்டினாள். உள்ளே போனால் மூக்குக்கண்ணாடி பனி படிந்து வெள்ளையாகிவிடும். தடவித்தான் எடுக்கவேண்டும். ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. வார்டில் தொண்டை கட்டிய ஒரு பொடியன் பேச முடியாமல் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டியபோது, பல்செட் மாட்டிய எந்த ஆளும் இவ்வளவு நன்றியாகப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

டெப்போவில் சாப்பாட்டை முடித்தார்கள். கிளம்புமுன் மனசு கேட்காமல் பல்லக்கா பெட்டிக்குள் ஏறினாள். மூலையில் டப்பா இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்ததற்கு ஒரு தடவை அந்தக் கேரட் துண்டைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று மூடியைத் தூக்கினாள்.

வெள்ளை வெளேரென்று வெனிலா.

"குச்சீ!" என்று அவள் போட்ட கூச்சலில் டெப்போவில் இரண்டு டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கிவிட்டார்கள்.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. சரக்கு குறைவாக இருந்தால், வளைவில் டப்பாக்கள் உருளாமல் இருக்க எல்லாவற்றையும் கொக்கியால் இழுத்துக் கதவுப் பக்கமாகச் சேர்த்துவைப்பது குச்சியின் வழக்கம். எத்தனையோ வருஷப் பழக்கம். கை தானாகச் செய்யும். காலையில் முதல் இடத்துக்குப் போகுமுன்பே அவள் கை அதைச் செய்துவிட்டிருந்தது. அப்புறம் ஏதோ ஒரு வெனிலா டப்பா வளைவில் உருண்டு மூலைக்குப் போயிருக்கிறது.

"நான் ஓரமா வைன்னு சொன்னேன், மூலையில இருக்கறத தொட மாட்டோம்னு நினைச்சேன், ஆனா கை…" குச்சியின் முகம் தொங்கிப் போனது.

"கையாம் கை! உன்னை நம்பித்தானே கொண்டுவந்தேன்!"

"சரி, நான் இழுத்து வச்சேன். ஆனா எடுத்துக் கொடுத்தது யாரு? நானா கொடுத்தேன்? நீதானே உன் கையாலயே எடுத்து எவனுக்கோ நீட்டியிருக்க!"

அது உண்மை. உண்மை என்பதால்தான் பல்லக்காவுக்குத் தாங்கவில்லை. அவருடைய கடைசி டப்பாவை அவளே சிரித்த முகத்தோடு யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

கேன்டீனில் இறக்கியதை எல்லாம் திறந்து பார்த்தார்கள், வெனிலாதான். வண்டியைத் திருப்பினார்கள். பாட்டு அலறியது. இருவரில் யாரும் சிரிக்கவில்லை.

வார்டில் நர்சம்மா ஒற்றைக் காலில் நின்றாள், பிள்ளைகள் சாப்பிடுகிற சாமானை வெளியாட்கள் கையால் தொடக்கூடாது என்று. கடைசியில் அவளே ஒவ்வொரு மூடியாகத் திறந்து, தள்ளி நின்று காட்டினாள். எல்லாம் வெனிலா. தியேட்டரில் மேனேஜர், இடைவேளை நேரத்தில் வந்து கழுத்தறுக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். அங்கும் வெனிலாதான். மிச்சம் ஏரிக்கரை ஒன்றுதான். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. நீச்சல்காரர்கள் இந்நேரம் குளித்து ஏறியிருப்பார்கள்.

"சீக்கிரம் போயேன்," என்றாள் பல்லக்கா.

"ரோடு வழுக்குது. பறக்கவா முடியும்?"

"உனக்கென்ன, உன் டப்பாவா?"

குச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஆமா, என் டப்பா இல்லதான். ஆனா நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவர் போயி ஒரு வருஷம் ஆகப்போகுது. நீ ஒரு டப்பாவோட குடித்தனம் நடத்திட்டு இருக்கடி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வான்னா வரமாட்டேங்குற. சினிமாவுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குற. டப்பா தனியா இருக்குமாம்!"

சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பல்லக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அந்த டப்பா உள்ளே இருக்கிறது என்கிற நினைப்பு ஒன்றுதான் அவளைக் கதவைத் திறக்கவைக்கிறது. வீட்டில் எங்கோ அவர் பாதி வேலையில் இருக்கிறார், இன்னும் முடிக்கவில்லை என்பது போல ஒரு தெம்பு. இதை வாய்விட்டுச் சொன்னால் குச்சிகூடச் சிரிப்பாள் என்று நினைத்துச் சொல்லாமலே இருந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் வண்டி நிறுத்துமிடம் கீழே, சங்கத்தின் அறை மேட்டில். நடுவில் பாசி பிடித்த கல்படிகள். குச்சி இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல. எந்த மூஞ்சியோட வர்றது? இருந்தா எடுத்துட்டு வா. இல்லைன்னா வந்து என்னை நாலு சாத்து சாத்து."

பல்லக்கா மட்டும் படியேறினாள்.

உள்ளே துவாலைக்குள் சுருண்ட ஏழெட்டுக் கிழங்கள் நீலம் பாரித்த உதடுகளோடு ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் ஏரியில் இறங்குவார் போலிருக்கிறது. வாய் பொக்கையாக இருந்தது. அவளைப் பார்த்ததும் குதூகலமாகக் கையை ஆட்டினார்.

"வாங்க, வாங்க! உங்க ஐஸ்கிரீம்ல கேரட் இருந்துச்சு!"

"புது ருசி போலன்னு நான் சுரண்டி ஒரு வாய் போட்டுட்டேன். அப்புறம் பார்த்தா பார்லி பல்லுல மாட்டுது," என்றாள் பொருளாளர் அம்மா.

சங்கத்துக்குச் சமைத்துப் போடுகிற சமையல்காரம்மா அடுப்பைக் காட்டினாள். பாத்திரத்தில் அது மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் டப்பா, மூடி திறந்து, காலியாக. "சூப்புன்னு தெரிஞ்சதும் சூடு பண்ணலாம்னு வச்சேன். ஏன்மா, தப்பா வந்துடுச்சா?"

"இத திரும்ப உறைய வச்சுக்கலாமா?" பல்லக்கா காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"உருகினது உருகினதுதான்மா. திரும்ப வச்சா வயித்துக்கு ஆகாது."

பல்லக்கா அடுப்பருகே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷம் பெல்ட் கட்டிக் காத்தது ஒரு பிற்பகலில் பாத்திரத்துக்கு வந்துவிட்டது. அது யாருடையது என்று அவள் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். அங்கிருந்தவர்கள் துவாலையை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள், ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்ட மாதிரி.

தலைவர் மட்டும் மெதுவாகச் சொன்னார். "மன்னிச்சுக்கம்மா. நாங்க ரெண்டு பேர் மட்டும் ஒரு கரண்டி ருசி பார்த்துட்டோம். வேற யாரும் தொடல. ஆனா ஒண்ணு, கோவிச்சுக்காத. சப்புன்னு இருக்கு."

"என் வீட்டுக்காரர் வச்ச சூப் சப்புன்னு இருக்காது." சட்டென்று வந்தது அவளுக்குக் கோபம். கரண்டியைப் பிடுங்கி, ஊதி, வாயில் வைத்தாள்.

சப்பென்றுதான் இருந்தது.

உப்பு போதாது. காரம் இல்லை. அந்த வாசனை இல்லவே இல்லை. வெந்த பார்லி, வெந்த கேரட், வெந்நீர், அவ்வளவுதான். டப்பா மாறிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் கேரட் துண்டுகள் அவருடையவைதான். பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே அளவாக, வால்வைக் கால் திருகு அரைத் திருகு என்று அளந்து திறக்கிறவர் வெட்டிய வெட்டு. அவர் சூப்தான் இது. அவர் சூப் இல்லை இது. ஒரு வருஷமாக எதைக் கட்டிக் காத்தோம் என்று அவளுக்கு மண்டை காய்ந்தது.

அப்போதுதான் காதில் கேட்டது. நிஜமாக இல்லை, ஞாபகத்தில். மாடிப்படி ஏறி வரும்போதே உரலில் எதையோ இடிக்கிற சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால் வெண்ணெயில் பூண்டு வதங்குகிற வாசனை வந்து மூஞ்சியில் அடிக்கும். அவள் அதை வீட்டு வாசனை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். டப்பாவில் அவர் உறையவைத்தது பாதி சமையல்தான். மீதியை அவள் வருகிற நேரத்துக்கு, அன்றன்றைக்குப் புதிதாகச் செய்திருக்கிறார்.

"பூண்டு இருக்கா? வெண்ணெய்?" என்று கேட்டாள்.

சமையல்காரம்மா எடுத்து வைத்தாள். மிளகும் ஒரு சின்ன உரலும் வந்தன. அடுப்படியே தெரியாதவள் பல்லக்கா. ஆனால் ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தைச் சேர்க்கத் தெரிந்தவள். கொஞ்சம் போட்டுப் பார்ப்பது, தள்ளி நின்று பார்ப்பது, இன்னும் கொஞ்சம் போடுவது என்று தினமும் செய்கிற வேலைதான். பூண்டைக் கருக விடாமல் வதக்கிக் கொட்டினாள். உப்பு போட்டாள், ருசித்தாள். மிளகை இடித்துப் போட்டாள், ருசித்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் நாக்கு எதையோ தேடிக்கொண்டு போனது. கிட்டத்தில் வந்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி, கடைசியில் நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று நிற்குமே, அது.

"எலுமிச்சம்பழம்!" என்றாள்.

பாதியாக வெட்டிக் கொடுத்த பழத்தைப் பாத்திரத்தின்மேல் பிழியப் போனவளின் மணிக்கட்டைச் சமையல்காரம்மா பிடித்துக்கொண்டாள். "இரும்மா. சாப்பிட வேண்டிய ஆளுங்க எல்லாம் வந்தாச்சா? இத முன்னாடியே பிழிஞ்சு கொதிக்க விட்டா கசந்துடும், வாசனையும் ஓடிடும். ஆளு வந்து நிக்கிற நேரத்துக்குப் பிழியணும்."

எல்லோரும் வந்தாகவில்லை. கீழே ஒருத்தி இருக்கிறாள். பல்லக்கா இடதுகையால் போனை எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"வண்டில. இருக்கா? கெடைச்சுதா?" குச்சியின் குரல் அழுத குரலாக இருந்தது.

"மேல வா."

"எதுக்கு?"

"வான்னா வா. சாப்பிடலாம்."

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் போனில் கேட்டது. பல்லக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சூப் தளதளத்தது. தீயைக் குறைத்தாள்.

"படி ஏற ஆரம்பிச்சிட்டியா?"

"ஆரம்பிச்சிட்டேன்."

கொஞ்சம் பொறுத்தாள். "பாதி வந்துட்டியா?"

"வந்துட்டுத்தானேடி இருக்கேன்! என்ன தொணதொணப்பு!"

பல்லக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய வார்த்தை அது. தினமும் சாயங்காலம் அவள் சொன்ன வார்த்தை. கிளினிக்கை விட்டுக் கிளம்பியதும் அவர் போன் வரும். "பஸ் ஏறிட்டியா?" கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "இறங்கிட்டியா?" நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலெல்லாம் கடுக்க, அவள் எரிந்து விழுவாள். வந்துட்டுத்தானே இருக்கேன், என்ன தொணதொணப்பு என்று வெடுக்கென்று வைத்துவிடுவாள். வயசாக ஆக ஆம்பிளைகளுக்குப் பயம் கூடிப்போகும், பெண்டாட்டி தொலைந்துபோவாள் என்று பயம் என்று குச்சியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. தீயைக் குறைத்து வைத்துக்கொண்டு, பாதி எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுப்பு முன்னால் நின்றிருக்கிறார் மனிதர். அவள் நுழைகிற நேரத்துக்குப் பிழிவதற்காக நின்றிருக்கிறார். அத்தனை குளிர்காலமும், அத்தனை சாயங்காலமும். ஒரு நாள் வாய் திறந்து சொன்னாரா? சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

அவரைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. சூப்புகூட வேண்டாம். ஒரே ஒரு நாள், சீக்கிரம் கிளம்பி வந்து, சத்தம் போடாமல் அடுப்படி வாசலில் நின்று, அவர் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் போதும். தலைவர் கிண்ணத்திலிருந்து பல்செட்டை எடுத்துச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டார்.

"ஏய், இருக்கியா? என்ன சத்தத்தையே காணோம்?" என்றாள் குச்சி போனில், மூச்சு இரைக்க.

"இருக்கேன். மெதுவா ஏறு, வழுக்கும். நீ வந்தப்புறம்தான் பிழியணும்."

"என்னத்தப் பிழியணும்?"

கல்படியில் குச்சியின் கனத்த காலடி ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தது. கதவு திறந்து குளிர்காற்று உள்ளே புகுந்தது. பல்லக்கா அழுதுகொண்டே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள்.